கார்டும் அவனிடம், பின் நம்பரும் அவனிடம்

கேள்வி: ஏற்காடு நாகலூரில் தனியாக இருக்கிறேன். வயது 72. குடும்ப பென்ஷனும் மிளகு, காபி விற்ற பணமும் சேலத்தில் ஒரே கணக்கில் விழுகிறது. ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் அஸ்தம்பட்டியில் இருக்கும் தங்கை மகனிடம். மாதாமாதம் எடுத்து வந்து தருகிறான். ஒரு ரூபாய் குறைந்ததில்லை. மகளோ, "பின் நம்பரை மாத்தும்மா" என்கிறாள். மாற்றினால் அவன் மனசு நோகாதா?

பதில்: அம்மா, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து பணம் தருகிறவன் தங்கமான பிள்ளைதான். அவனுக்காகவே மாற்றச் சொல்கிறேன்.

என் பெரியம்மாவுக்கும் கடைசி மகன்தான் எல்லாம். கார்டு உறையில் பென்சிலால் பின் நம்பரை எழுதிக் கொடுத்திருந்தார். அவர் காரியம் முடிந்த அன்று சாயங்காலமே பாஸ்புக்கை விரித்தார்கள். "இந்த நாலாயிரம் எதுக்கு? இது எதுக்கு?" என்று மூத்தவர்கள் வரிவரியாகக் கேட்டார்கள். மருந்துக்கும் நர்ஸுக்கும் கொடுத்தவனிடம் ஒரு ரசீது இல்லை. தலை குனிந்து நின்றான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று. பின் நம்பரைப் பிறரிடம் சொல்லி அதனால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை போனது முழுக்க உங்கள் நஷ்டம்தான் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை.

பென்ஷன் விழும் கணக்குக்கு 'மேண்டேட்' தருவார்களா என்று கிளையில் கேளுங்கள். தந்தால், உங்கள் கணக்கில் அவன் தன் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். பணம் உங்களுடையதாகவே இருக்கும். வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்து நிறுத்திவிடலாம். ஜாயின்ட் அக்கவுன்ட் அப்படியல்ல, அவசரப்பட வேண்டாம். உங்களிடம் யுபிஐ இருந்தால், 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிளில் அவனைச் சேர்க்கலாம்; உங்கள் கணக்கிலிருந்து அவன் தன் போனிலேயே பணம் கட்ட விடும் வசதி அது. மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் போகாது, ஒரு தடவைக்கு 5,000தான். மருந்துக் கடைக்கு அது போதும். 70 தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவை உங்கள் கிளையில் உண்டா என்றும் விசாரியுங்கள்.

கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மகளிடம்கூட நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. எந்த வங்கி, எஃப்டி ரசீது எந்தப் பெட்டியில், நாமினி யார் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "கண்ணு, நாளைக்கு உன்னைய யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது. பேங்குல எழுதிக் கொடுத்துடலாம், நீயும் கூட வா." அன்றைக்கே ஏடிஎம்மில் பின் நம்பரையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் அமுக்கும்போது அவன் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்.