எண்ணெய் மண்ணில் 20/8 வேலை: போகலாமா? குடும்பத்தையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் மனைவியுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் (6, 3 வயது) இருக்கிறேன். லொறி ஓடுகிறேன், கிழமைக்கு 45 மணித்தியாலம், வருடம் 72,000 டொலர். மனைவி பகுதிநேர வேலையில் 20,000 எடுக்கிறார். காலையில் பிள்ளைகளை விடுவது நான்தான். மோட்கேஜ் (வீட்டுக் கடன்) தவிர, லைன் ஒஃப் கிரெடிட்டில் 8.5 வீத வட்டிக்கு 38,000 டொலர் கடன் இருக்கிறது. அல்பேர்ட்டாவில் போர்ட் மக்மரிக்கு வடக்கே எண்ணெய் மண் (எண்ணெய் கலந்த மணல்) தோண்டும் சுரங்கத்தில் லொறி ஓட்ட ஒரு ஒப்பந்தக் கம்பனி கூப்பிடுகிறது. 20 நாள் வேலை, 8 நாள் லீவு, நாளுக்கு 12 மணித்தியாலம், வருடம் 125,000. தங்குமிடமும் சாப்பாடும் காம்பில் இலவசம். மச்சான் சொல்கிறார், இங்கே வீட்டை விற்றுவிட்டு அங்கேயே வாங்கிக் குடும்பத்தோடு போகச் சொல்லி. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, போகலாம். ஆனால் நீங்கள் மட்டும், இரண்டு வருடத்துக்கு மட்டும். ஏஜாக்ஸ் வீட்டை விற்காதீர்கள், அங்கே வீடு வாங்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

72,000க்கும் 125,000க்கும் இடையில் 53,000 வித்தியாசம். மனதில் நிற்பது அந்த எண்தான், ஆனால் கைக்கு வருவது அது இல்லை. வரி, சி.பி.பி (ஓய்வூதியப் பங்களிப்பு), ஈ.ஐ (வேலையிழப்புக் காப்புறுதி) எல்லாம் போனால் இப்போது ஏறக்குறைய 54,500 எடுப்பீர்கள். அங்கே போனால் 88,500 அளவில் வரும். அதாவது 34,000 கூட. "அல்பேர்ட்டாவில் வரி குறைவுதானே" என்று பலர் கேட்பார்கள். மாகாண வரி வேலைத்தளத்தைப் பார்த்து வருவதில்லை, டிசெம்பர் 31 அன்று நீங்கள் எந்த மாகாணத்தில் வசிப்பவர் என்பதைப் பார்த்துத்தான் வரும். மனைவியும் பிள்ளைகளும் வீடும் ஏஜாக்ஸில் இருக்கும்போது நீங்கள் ஒன்ராறியோக்காரர்தான்.

அந்த 34,000இல் இருந்து கழிக்க வேண்டியவை இருக்கின்றன. 28 நாளுக்கு ஒரு சுற்று என்றால் வருடத்துக்கு 13 சுற்று. பல கம்பனிகள் அல்பேர்ட்டாவின் நகரங்களான எட்மன்ரனிலிருந்தோ கல்கரியிலிருந்தோதான் ஆட்களை ஏற்றுகின்றன. ரொறொன்ரோவிலிருந்து அதுவரை போய்வரும் செலவு உங்கள் தலையில். ஒரு தடவைக்கு 540 டொலர் என்று வைத்தாலும் வருடம் 7,000. காலையில் பிள்ளைகளை விட நீங்கள் இல்லை, ஆகவே பாடசாலைக்கு முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள மாதம் 600 அளவில், அதுவும் ஒரு 7,000. அடுத்தது பலர் மறந்துபோவது: சைல்ட் பெனிஃபிட், அதாவது பிள்ளைகளுக்காக அரசாங்கம் மாதாமாதம் தரும் காசு. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில், உங்கள் அளவு வருமானத்துக்கு மேல் கூடும் ஒவ்வொரு டொலருக்கும் 5.7 சதம் வெட்டுவார்கள். 53,000க்கு அது வருடம் 3,000. இது உடனே தெரியாது. இந்த வருட வருமானம் அடுத்த வருடம் யூலையில்தான் அடிக்கும்; நீங்கள் வேலையை விட்டு வந்த பிறகும் கொஞ்சக் காலம் அடித்துக்கொண்டே இருக்கும்.

மிச்சம் 17,000.

இனி மணித்தியாலத்தைப் பாருங்கள். வருடம் 260 நாள், நாளுக்கு 12 என்றால் 3,120 மணித்தியாலம். இப்போது லீவு போக 2,250 அளவில் ஓடுகிறீர்கள். கூடுதலான 870 மணித்தியாலத்துக்குக் கையில் நிற்பது 17,000. மணிக்கு இருபது டொலர்கூட முழுதாக இல்லை. அந்த 8 நாள் லீவில் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழியும். எட்மன்ரனுக்கு நாலு மணித்தியாலத்துக்கு மேல் பறப்பு, அங்கிருந்து இன்னொரு ஃபிளைட், பிறகு காம்புக்கு பஸ். ஆகவே வீட்டில் முழுதாக நிற்பது ஆறு நாள். வருடத்தில் 78 நாள்.

அப்படியிருந்தும் போகலாம் என்று ஏன் சொல்கிறேன்? உங்கள் கடன்தான் காரணம். 8.5 வீதத்தில் 38,000 என்றால் வட்டி மட்டும் வருடம் 3,200 டொலர். ரொறொன்ரோ வாழ்க்கைச் செலவில் 72,000 சம்பளத்தோடு அது இலகுவில் தீராது. அதை உடைக்க ஒரு பெரிய அடி வேண்டும், இந்த வேலை அந்த அடி. அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

கம்பனியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: டிக்கெட் எங்கிருந்து? ரொறொன்ரோவிலிருந்தே போட்டுத் தருகிறார்களா, எட்மன்ரனிலிருந்தா? இது வருடம் 7,000 டொலர் கேள்வி, எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, 14 நாள் வேலை, 14 நாள் லீவு என்ற சுற்று இருக்கிறதா? சம்பளம் 100,000க்கு இறங்கினாலும் நான் அதைத்தான் எடுப்பேன். வேலை நாள் 182 ஆகக் குறையும், வீட்டில் நிற்கும் நாள் 78இலிருந்து 156 ஆகும்.

இனி மச்சானின் யோசனை. நல்ல மனதோடுதான் சொல்கிறார், அங்கே வீட்டு விலை ரொறொன்ரோவோடு ஒப்பிட முடியாத அளவு மலிவு என்பதும் உண்மை. ஆனால் ஏன் மலிவு? 2014 நடுப்பகுதியில் எண்ணெய் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்றது. 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே போனது. அந்த வருடம் நவம்பரில் அல்பேர்ட்டாவில் வேலையில்லாதோர் 9 வீதம். வேலை போனவர்கள் ஒரே நேரத்தில் வீட்டை விற்க ஓடினால் வாங்க யார் இருப்பார்கள்? அதற்குள் 2016 மே 3இல் காட்டுத்தீ: ஊரே வெளியேறியது, 88,000 பேர், 2,400 அளவில் கட்டிடங்கள் எரிந்தன. 2020 ஏப்ரலில் நகர மையத்தில் வெள்ளம். அதே மாதம் அமெரிக்க எண்ணெய் விலை ஒரு நாள் பூச்சியத்துக்கும் கீழே போனது. 2024 மேயிலும் தீக்குப் பயந்து தெற்குப் பகுதிகளில் ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றினார்கள். ஒரே தொழிலை நம்பிய ஊரில் வேலையும் வீட்டு விலையும் ஒன்றாகத்தான் விழும். சம்பளம் நிற்கிற மாதமே உங்கள் சொத்தும் கரையும். ஏஜாக்ஸ் வீடு இருந்தால் ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

உங்கள் வேலைக்கென்று தனியாக ஒரு ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் ஓட்டப்போவது ஒரு தடவைக்கு 400 தொன் வரை அள்ளும் லொறி. அந்தப் பகுதியின் பெரிய கம்பனியான சன்கோர், 150க்கும் மேற்பட்ட சாரதியில்லா லொறிகளை இறக்கப்போவதாக 2018இலேயே அறிவித்தது. அதனால் 400 அளவில் வேலைகள் குறையும் என்றும் சொன்னது. இரண்டு வருட வேலைக்கு இது தடையில்லை. 25 வருட மோட்கேஜுக்கு இது பெரிய தடை.

2015 குளிர்காலத்தில் அங்கே வேலை இழந்து வந்த ஒருவர் என் மேசைக்கு முன்னால் இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாலு வருடம் நல்ல உழைப்பு. கையில் ஒரு பைல்: பிக்அப் லொறிக்கு மாதம் 1,100, பனியில் ஓட்டும் ஸ்கீடூவுக்கு 300, அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு கொண்டோவுக்கு முற்பணம். சேமிப்புக் கணக்கில் 2,000க்கும் குறைவு. அவர் ஊதாரி இல்லை, குடிப்பவரும் இல்லை. வந்த சம்பளம் எப்போதும் வரும் என்று நம்பி மாதக் கட்டணங்களைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவுதான். ஆகவே உங்களிடம் நான் கேட்பது, அங்கே இருக்கும் காலத்தில் மாதாமாதம் கட்ட வேண்டிய புதுக் கட்டணம் ஒன்றைக்கூடத் தொடங்காதீர்கள். கார் மாற்றுவதும் பெரிய தொகைச் சீட்டுப் பிடிப்பதும் திரும்பி வந்த பிறகு.

காசை எங்கே போடுவது? 125,000 வருமானத்தில் உங்கள் கடைசி டொலருக்கு ஒன்ராறியோவில் வரி ஏறக்குறைய 43 வீதம். இப்போதைய சம்பளத்தில் 30க்கும் சற்றுக் குறைவு. ஆகவே அந்த இரண்டு வருடமும் ஆர்.ஆர்.எஸ்.பியில் (போடும் தொகையை வருமானத்திலிருந்து கழித்து வரி பார்க்கும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கு) வருடம் 10,000 போடுங்கள். 4,300 அளவில் திரும்பி வரும், சைல்ட் பெனிஃபிட்டிலும் 570 அளவில் மீளும். நாளைக்கு வேலை போய் வருமானம் விழுந்த வருடத்தில் அதில் கொஞ்சம் எடுத்தால் வரியும் குறைவாகவே விழும். எடுத்த இடத்தைத் திரும்ப நிரப்ப விடமாட்டார்கள், அது உண்மை, ஆனாலும் இப்படியான வேலைக்கு இது பொருத்தமான பாதுகாப்பு. மிச்சமுள்ள 7,000மும் திரும்பி வந்த காசும் நேரே கடனுக்கு.

இப்படிச் செய்தால் இரண்டு வருடத்தில் 14,000 அளவில் கடன் மிஞ்சும், ஆர்.ஆர்.எஸ்.பியில் 20,000 இருக்கும். கம்பனி ரொறொன்ரோவிலிருந்தே டிக்கெட் போட்டுத் தந்தால் கடன் கிட்டத்தட்ட முழுதாகவே தீரும். அதனால்தான் அந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

காசில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் வீடுகளில் இது புதுக் கதை இல்லை. என் மாமா எண்பதுகளில் "ரெண்டு வருசம்" என்று சவூதிக்குப் போனார். பதினொரு வருடம் கழித்து வந்தபோது அவருடைய மகள் அவரை "நீங்கள்" என்று பேசினாள், தாயை "நீ" என்று பேசினாள். உங்கள் சின்னவனுக்கு மூன்று வயது. அதோடு, 20 நாளும் பிள்ளைகளையும் வீட்டையும் தனியே இழுக்கப்போவது உங்கள் மனைவி. கடிதத்தில் மச்சான் என்ன நினைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. இந்தக் கணக்கை அவருக்கு முன்னால் வைத்து, அவர் சம்மதித்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். கையெழுத்திடும் நாளிலேயே திரும்பும் மாதத்தைக் குறித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள், பிள்ளைகள் பார்க்கும் உயரத்தில்.

ஒப்பந்தம் வந்ததும் பயணச் செலவு பற்றியும், உங்களை வேலையிலிருந்து நிறுத்தினால் எவ்வளவு முன்னறிவித்தல் தருவார்கள் என்பது பற்றியும் எழுதிய பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.