நியூரம்பர்க்கை முதலில் பாருங்கள்

கேள்வி: டிசம்பர் 22 இரவு மியூனிக்கில் இறங்குகிறோம், ஜனவரி 3 திரும்புகிறோம். வாடகைக் காரில் சால்ஸ்பர்க், வியன்னா, பிராக், கடைசியாக நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தை என்று திட்டம். நான், மனைவி, ஏழு வயதுப் பையன், அம்மா. பனியில் ஓட்டிப் பழக்கமே இல்லை. சரிப்படுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஓட்டுவது சரிப்படும், அந்த வரிசைதான் சரிப்படாது. நியூரம்பர்க் சந்தை டிசம்பர் 24 அன்றே கடையைக் கட்டிவிடும், நீங்கள் போய்ச் சேரும்போது வெறும் சதுக்கம்தான் இருக்கும். ரூட்டை அப்படியே திருப்பிப் போடுங்கள். 23 காலை நியூரம்பர்க், சுமார் 170 கிலோமீட்டர். மறுநாள் பிராக், 300. அங்கே பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும், 1410இல் வைத்த வானியல் கடிகாரமும் அதே சதுக்கத்தில்தான். 28 வாக்கில் வியன்னா போனால் புத்தாண்டு அங்கேயே: நள்ளிரவில் ஸ்டீபன் பேராலய மணி அடித்ததும் டான்யூப் வால்ட்ஸ் என்ற நடன இசை ஒலிக்கும், தெருவிலேயே ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். திரும்பும் வழியில் சால்ஸ்பர்க்.

மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலை ஒன்பதுக்குக் கிளம்பி மூன்றுக்குள் ஊர் சேருங்கள். நெடுஞ்சாலையில் உப்பு தூவிப் பனியை அகற்றிவிடுவார்கள், வழுக்குவது பெரும்பாலும் ஊருக்குள் இருக்கும் சின்னத் தெருக்களில்தான். சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் மூன்று நாட்டிலும் விண்டர் டயர் சட்டப்படி வேண்டும், மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரை டயரில் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள். பையனுக்கு பூஸ்டர் சீட்டும், அதாவது குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கையும், கேட்டு வாங்குங்கள். வண்டி செக் நாட்டுக்குள் போகும் என்று முன்பே சொல்லி அனுமதி எழுதி வாங்குங்கள், சில கார்களை விடமாட்டார்கள். ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் இல்லை, ஆஸ்திரியாவுக்கும் செக்குக்கும் விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டண அனுமதி, வேண்டும், செக்கில் அது ஸ்டிக்கர் இல்லை, வண்டி எண்ணில் பதிவாகும் மின்னணு விக்னெட்தான், வண்டி எண் தெரிந்த பிறகு வாங்குங்கள். இங்கே ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுக்க மறக்காதீர்கள்.

ஊருக்குள் காரைத் தொடவே வேண்டாம். பிராக்கில் நீலக் கோடு போட்ட இடங்கள் அந்த ஏரியாக்காரர்களுக்கு, வியன்னாவில் வாரநாட்களில் தெருவோரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்த முடியாது. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய பார்க்கிங்கில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள். இவ்வளவு பாடுக்கு முழுக்க ரயிலிலேயே போகலாமே என்பீர்கள். போகலாம்தான், அம்மாவும் நாலு பெட்டியும் இல்லையென்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: நாங்கள் சைவம். 24, 25இல் சாப்பாடு கிடைக்குமா?
– அதே வாசகர்

பதில்: செக்கில் 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் 24 மதியத்துக்குப் பிறகும் 25, 26 முழுக்கவும் மூடியிருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதனால் 23 மாலையே நியூரம்பர்க்கில் ரொட்டி, பால், பழம் வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். பிராக் மையத்தில் சில உணவகங்கள் திறந்திருக்கும், அங்கே உருளைக்கிழங்குடன் வறுத்த சீஸ் கட்டி கிடைக்கும், பையன் விடமாட்டான். உருளை சூப் மட்டும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள்.