மடிக்கையில் வெடிக்கும் தோரண ஓலை

தோரணத்துக்கு மடிக்கையில் ஓலை வெடிக்கிறது, முற்றிப்போய்விட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நேற்று வாங்கிய தென்னங்குருத்து இன்று கிளி உருவம் மடிக்கையில் வெடிப்பதற்கு, நீங்கள் ஐயுறுவதுபோல ஓலை முற்றிப்போனது காரணமன்று. இரவு முழுவதும் அதைக் குளிர்சாதன அறையில் மூடாமல் வைத்ததில் ஈரம் வற்றியதே காரணமாக இருக்கலாம்.

ஓலையின் செல்களைச் சூழ்ந்த சுவரில், செல்லுலோஸ் என்னும் உறுதியான இழைகளுக்கிடையே பெக்டின், ஹெமிசெல்லுலோஸ் என்னும் நிரப்புப் பொருள்கள் நிரம்பியுள்ளன. அங்கே தங்கும் நீர், அவை ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மூலக்கூறு ஈர்ப்பால் நேரடியாக இறுகிவிடாமல் தடுத்து, வளைக்கும்போது சற்றே நழுவ இடம் தருகிறது. நீர் வற்றினால் சுவர் விறைத்து முறிகிறது.

ஓர் ஓலையை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை மட்டும் வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி, துடைத்து, இரண்டையும் மடித்துப் பாருங்கள். ஊறிய பாதி மட்டும் வெடிக்காமல் மடிந்தால், ஈரம் வற்றியதே காரணம். ஈர்க்கை முதலிலேயே உரித்துவிடுங்கள். அது அவ்வளவு எளிதில் மசியாது.

ஏற்கெனவே விழுந்த வெடிப்பு ஒட்டாது. இரவு முழுவதும் ஊறவிடவும் வேண்டாம், சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் ஓலை வழவழத்துவிடும்.