ஆளில்லா டேங்கர் விமானத்தில் எரிபொருள் குழாயை யார் மாட்டுவது?

குளச்சலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: "ஆளே இல்லாத விமானம் நடுவானில் இன்னொரு விமானத்துக்கு எரிபொருள் கொடுக்கிறதாமே, குழாயை யார் மாட்டுவது?"

வாங்க வரும் விமானத்தின் பைலட்தான். கொடுக்கும் விமானம் வேகமும் உயரமும் மாறாமல் ஒரே சீராகப் பறந்தால் போதும். ஆளை இறக்கிவிட்டுச் செய்வதற்கு விமானத்தில் இதைவிடத் தோதான வேலை இல்லை என்பேன்.

அமெரிக்கக் கடற்படைக்காக போயிங் செய்த எம்கியூ-25 ஸ்டிங்ரே (ஸ்டிங்ரே என்றால் நம்மூர்த் திருக்கைதான்) 2021 ஜூன் 4 அன்று சூப்பர் ஹார்னெட் என்ற போர் விமானம் ஒன்றுக்கு எரிபொருள் கொடுத்தது. ஆளில்லா விமானம் ஒன்று இதைச் செய்தது அதுவே முதல் முறை. கைமாறியது 325 பவுண்டு, சுமார் 180 லிட்டர்தான். ஆனால் இரண்டுக்கும் இடையே 20 அடி வரை நெருங்கிப் பறந்து பார்த்தார்கள். அதுதான் பெரிய விஷயம்.

குழாய் இருப்பது ஸ்டிங்ரேயின் இறக்கைக்கு அடியில் தொங்கும் பாட் (pod) என்ற உருளைக் கூடு ஒன்றில். அதன் மூக்கில் சின்னக் காற்றாடி. முப்பந்தல் காற்றாலை மாதிரியே எதிர்க்காற்றில் சுழன்று, குழாயைச் சுற்றும் ரீலுக்கும் பம்புக்கும் சக்தி தருகிறது. குழாயின் நுனியில் இறகுப்பந்து வடிவில் ஒரு கூடை. சூப்பர் ஹார்னெட்டின் மூக்கருகே வலப்பக்கத்தில் இருந்து நீளும் கம்பியை அந்தக் கூடைக்குள் செருக வேண்டும். டேங்கரைவிட 2 முதல் 5 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) மட்டும் கூடுதல் வேகம், அதாவது நடை அல்லது மெல்லோட்ட வேகம். மாட்டியதும் இன்னும் சில அடி முன்னே தள்ளிப் போனால்தான் வால்வு திறந்து எரிபொருள் ஓடும்.

கெடுவது இங்கேதான். மெதுவாகப் போனால் பூட்டு விழாது. வேகமாக இடித்தால் குழாய் தொய்யும். அந்தத் தொய்வை ரீல் உடனே சுருட்டாவிட்டால் குழாயில் அலை ஓடும். எஞ்சின் நின்ற போட்டைக் கட்டி இழுக்கும்போது தொய்ந்த கயிறு வெடுக்கென்று விறைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கம்பியின் நுனி ஒடியும். விமானத்தின் உடம்பு பிழைக்கட்டும் என்று நுனியை வேண்டுமென்றே பலவீனமாக வைத்திருக்கிறார்கள். இன்னொரு தொல்லை, கிட்டே போகும்போது மூக்குத் தள்ளும் காற்றே கூடையை ஒதுக்கிவிடும். கூடையைத் துரத்தக் கூடாது. கண் டேங்கர் மேல் இருக்க வேண்டும். தவறினால் நேராகப் பின்வாங்கி முதலில் இருந்து தொடங்க வேண்டும். குழாய் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால் வெட்டிவிட அந்த உருளைக் கூட்டிலேயே கத்தி உண்டு.

விமானந்தாங்கிக் கப்பலில் இருந்து ஸ்டிங்ரேயை நடத்துபவர் கையில் ஜாய்ஸ்டிக் கிடையாது. கீபோர்டும் மவுஸும்தான், எங்கே போ, எவ்வளவு உயரத்தில் நில் என்று சொல்வதோடு சரி.

கடற்படை கேட்டிருந்த அளவு: கப்பலில் இருந்து 500 கடல் மைல், அதாவது 926 கிலோமீட்டர் தள்ளிப் போய் 14,000 பவுண்டு கொடுக்க வேண்டும். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், நாகர்கோவிலில் இருந்து சென்னையையும் தாண்டும் தூரத்தில். இதுவரை இந்த வேலையைச் சூப்பர் ஹார்னெட்டுகளே செய்துவந்தன. சண்டைக்கு வாங்கிய விமானம் டேங்கராக அலைந்தால் அதன் ஆயுள்தான் தேயும்.

நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தில் இது ஏறுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஸ்டிங்ரே, கவண் போலத் தள்ளிவிடும் கேட்டபல்ட்டை நம்பிச் செய்தது. கொச்சியில் கட்டிய விக்ராந்தில் கேட்டபல்ட் இல்லை. முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த தளம்தான், தன் எஞ்சின் பலத்திலேயே ஏற வேண்டும். வயிறு நிறைய எரிபொருளும் ஒற்றை எஞ்சினுமாக அது அங்கே எழும்பாது. அந்தத் தளத்தில் இருந்து பறக்கும் மிக்-29கே போர் விமானத்தில் இதுபோன்ற பாட் மாட்டி, ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளலாம். அதில் பைலட் இருப்பார்.