போர்பனைச் சுவைத்து ரசிக்கச் சிறந்த வழி எது?

போர்பன் விஸ்கியை எப்படிக் குடித்தால் அதன் சுவை முழுமையாகத் தெரியும், பனிக்கட்டி சேர்ப்பது தவறா என்பது கேள்வி. சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில், ஒரே ஒரு போர்பனைத் தனியாகக் குடித்து மதிப்பிடுவதை விட்டுவிட்டு, இரண்டை அருகருகே வைத்துச் சுவைக்குமாறு சொல்வேன்.

இதற்குக் காரணம் போர்பனுக்கான அமெரிக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கப்பட்ட புதிய ஓக் பீப்பாயில்தான் ஊற வைக்க வேண்டும். தண்ணீரைத் தவிர நிறமோ மணமோ எதையும் சேர்க்கக் கூடாது. ஆகவே வெனிலா, கருகிய சர்க்கரை, ஓக் மரம் ஆகியவற்றின் வாசனை ஏறக்குறைய எல்லாப் போர்பனிலும் இருக்கும். வேறுபாட்டை உண்டாக்குவன, மக்காச்சோளத்துடன் சேரும் இரண்டாவது தானியம், ஈஸ்ட், பீப்பாயில் இருந்த காலம், ஆல்கஹாலின் அளவு போன்றவையே. இவற்றைத் தனியாக ஒன்றைக் குடித்துப் பிரித்தறிவது பழகியவர்களுக்கே கடினம்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் இணை, மேக்கர்ஸ் மார்க்கும் ஃபோர் ரோசஸ் ஸ்மால் பேட்ச்சும். இரண்டும் அமெரிக்க மாநிலமான கென்டக்கியில் தயாராகின்றன. இரண்டிலும் ஆல்கஹால் 45 சதவீதம் என்பதால், ஒன்று மற்றொன்றைவிடக் காட்டமாகத் தெரிந்தால் அதற்கு ஆல்கஹாலின் அளவு காரணமாக இருக்க முடியாது. மேக்கர்ஸ் மார்க்கில் இரண்டாவது தானியம் கோதுமை; மென்மையாக, ரொட்டியின் இனிப்போடு இறங்கும். ஃபோர் ரோசஸில் அது கோதுமையை ஒத்த ரை என்ற தானியம். மிளகு, கிராம்பு போன்ற காரம் நாக்கின் ஓரங்களில் நிற்கும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பிற போர்பன்களை இனங்காண்பது எளிதாகிவிடும்.

வாய் குறுகிய, அடி அகன்ற கண்ணாடிக் குவளையில் 15 முதல் 20 மில்லிலிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். முகரும்போது ஒயினுக்குச் செய்வதுபோல மூக்கைக் குவளைக்குள் விடாமல், சற்றுத் தள்ளி வைத்து, உதடுகளை லேசாகத் திறந்தபடி மூச்சை இழுங்கள். இல்லையென்றால் ஆல்கஹாலின் நெடி மூக்கை மரக்கச் செய்துவிடும். முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டுமே; அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டாவது மிடற்றை உடனே விழுங்காமல், மெல்லுவதுபோல வாய் முழுவதும் சுழற்றுங்கள். போர்பன் தயாரிப்பாளர் ஜிம் பீமின் பேரனான புக்கர் நோ பரவலாக்கிய இந்த முறையைக் கென்டக்கி மெல்லல் என்கிறார்கள். பார்க்கச் சற்று வேடிக்கையாக இருந்தாலும், அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் பரவும்போதுதான் ஓக்கின் துவர்ப்பும் மக்காச்சோளத்தின் இனிப்பும் பிரிந்து தெரிகின்றன.

தண்ணீர் சேர்ப்பது இழுக்கு என்ற எண்ணத்தை நான் ஏற்பதில்லை. பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைக்கப்படும் வகைகளில் ஆல்கஹால் 60 சதவீதத்தைத் தாண்டுவதுண்டு. அவற்றில் சில துளிகள் விட்டால் அதுவரை எரிச்சலுக்கு அடியில் மறைந்திருந்த பழ வாசனை மேலெழும். துளித்துளியாகவே சேருங்கள், ஏனெனில் விட்ட தண்ணீரை வெளியே எடுக்க முடியாது.

ஆண்டுக் கணக்கைப் பார்த்து மயங்குவதும் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்பட்ட பீப்பாய்களில், குளிர்ந்த சூழலில் விஸ்கி முதிர்கிறது. கென்டக்கியின் கோடை வெப்பத்தில், புதிதாகக் கருக்கிய பீப்பாயில் மரத்தின் சாரம் மிக விரைவாக இறங்குவதால், 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட போர்பன்களில் சில வெறும் மரக்கசப்பாகவே முடிகின்றன. என் நாக்குக்கு 6 முதல் 10 ஆண்டு வரையிலானவையே சமநிலையோடு இருக்கின்றன. ஏலத்தில் பழைய போர்பன்களின் விலை ஏறுவதற்குச் சுவை மட்டுமல்ல, அரிதாக இருப்பதும் காரணம்.

இனி பனிக்கட்டி. குளிர்ச்சி வாசனையையும் இனிப்பையும் அமுக்கிவிடும் என்பதால், ஒரு போர்பனை அறிந்துகொள்ளும் நாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள். அறிந்த பிறகு, மெதுவாக உருகும் பெரிய கட்டியாக ஒன்று போட்டுக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. ஓல்டு ஃபேஷண்டு போன்ற காக்டெய்லுக்கு என்றால், புட்டியில் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 1897 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த அந்த முத்திரை, ஒரே வடிசாலையில் ஒரே பருவத்தில் வடித்து, குறைந்தது 4 ஆண்டுகள் முதிர்ந்து, 50 சதவீத ஆல்கஹாலுடன் அடைக்கப்பட்டதற்கு அடையாளம். சர்க்கரையும் பனிக்கட்டி உருகிய நீரும் சேர்ந்த பிறகும் அதன் சுவை நீர்த்துப்போவதில்லை.