இலங்கை மலைநாட்டு எலிகள்: கேள்வி பதில்

ஹப்புத்தளை: ஒஹிய எலி என்று தனியாக ஒன்று இருக்கிறதா சேர்?

இருக்கிறது. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, வாலும் இரு நிறம். 1929இல் விலங்கியலாளர் பிலிப்ஸ் இதை விவரித்தபோது வீட்டெலியின் ராட்டஸ் பேரினத்தில்தான் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களின் கூட்டம்) சேர்த்தார். மண்டையோட்டையும் பல்லையும் பார்த்த விலங்கியலாளர் மஸ்ஸர், 1981இல் அந்த வீட்டை விட்டே இதை வெளியேற்றி, ஸ்ரீலங்காமிஸ் என்று புதுப் பேரினம் வைத்தார். பேரினம் முழுக்க இந்த ஒரே இனம்தான். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. காட்டுப் பிராணி, லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கூரையில் ஓடுவது இதுவல்ல.

ஹட்டன்: மூஞ்சூறு எந்தப் பேரினத்து எலி?

எலியே இல்லை, பூச்சிதின்னி. பல்லைப் பாருங்கள். படத்தில், கையில் பிடித்து அல்ல.

நுவரெலியா: கோப்பிக் காலத்து எலித்தொல்லையைத் தாத்தா சொல்வார். எது அது?

கோலுண்டா எலியோட்டி. இதுவும் ஒற்றை இனப் பேரினம், ஆனால் இந்தியாவிலும் உண்டு. மேல் வெட்டுப்பல்லில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், அதுதான் அடையாளம். காட்டில் நெலு விதை, அதாவது நம் குறிஞ்சி விதை, தின்று கிடக்கும். விதை பொய்த்தால் தோட்டத்துக்கு இறங்கி, கோப்பி மொட்டையும் பூவையும் தேடிக் கிளைகளைக் கடித்துப் போடும். ஒரே தோட்டத்தில் ஒரு நாளில் ஆயிரம்வரை கொன்றதாக பிரித்தானிய அதிகாரி டெனன்ட் 1861இல் எழுதினார். தமிழ்த் தொழிலாளர் அவற்றை எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் தின்றார்கள், எலி வரும் தோட்டங்களையே விரும்பினார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

பண்டாரவளை: நம்மாட்களை இழிவுபடுத்த வெள்ளைக்காரன் கட்டிய கதை!

எலி எந்தத் தோட்டத்தில் வந்ததோ அதை விரும்பிப் போனார்கள் என்பதில் துரைமார் பேச்சின் வாடை அடிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எலி தின்றதில் என்ன இழிவு? தமிழ்நாட்டு வயல்களில் வயலெலி தின்பவர் இன்றும் உண்டு.

மஸ்கெலியா: தின்றதில் இழிவில்லை அண்ணே, அரிசி போதாமல் தின்றிருந்தால் அது வேறு கதை.

இதற்கு நான் வாதாட மாட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரியான கேள்வி.

பண்டாரவளை: முள்ளம்பன்றி பன்றி இனமா?

கொறிவிலங்கு. முயல்தான் கொறிவிலங்கு இல்லை, அதற்கு மேல் வெட்டுப்பல்லின் பின்னால் இன்னொரு சின்னச் சோடி இருக்கிறது.

தலவாக்கலை: பொறியில் சிக்கிய எலியின் படம் போட்டிருக்கிறேன், ஒஹிய எலியா?

நாலாவது படம் இது. நாலும் வீட்டெலிதான். வெறுங்கையால் தூக்கியிருக்கிறீர்களே! எலிக்காய்ச்சல் மூத்திரத்தில் வரும். போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள்.