தியானன்மென்: திங்கட்கிழமை போகலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூன் மாதம் நாங்கள் நால்வர் பெய்ஜிங் போகிறோம். அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. திங்கட்கிழமை ஒரே நாளில் விடியற்காலைக் கொடியேற்றம், தியானன்மென் சதுக்கம், மாவோ நினைவு மண்டபம், பழைய அரசர்களின் அரண்மனை (தடை நகரம்) நான்கையும் முடித்துவிடலாம் என்று திட்டம். பயண முகவர், “சதுக்கம் பொது இடம்தானே, நேராகப் போய் நிற்கலாம்” என்கிறார். போய் வந்த நண்பரோ, “வெறும் சிமெண்ட் மைதானம், பத்து நிமிடம் போதும்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கி., கிள்ளான்

அன்புள்ள கி.,

இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். முகவரை நம்பிப் போனால் சோதனைச் சாவடியோடு திரும்ப வேண்டியதுதான். 2021 டிசம்பரிலிருந்து சதுக்கத்தில் கால் வைக்கவே முன்பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது. பெயர், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண், நாள், நேரம் நான்கும் பதிவில் இருக்க வேண்டும். சீனர்களின் செய்திச் செயலியான வீசாட்டுக்குள் இருக்கும் ஒரு மினி புரோகிராம் (சிறு செயலி) வழியாகப் பதியலாம். ஒன்பது நாள் முன்பிருந்து முந்தின நாள் வரை பதியலாம். கொடியேற்றத்துக்குத் தனி நேரம் உண்டு, அதுதான் முதலில் தீரும். சீன எழுத்தில் தேடினால் மினி புரோகிராம் எளிதில் அகப்படும் என்பதால், தங்கும் விடுதிக்கு எழுதி மினி புரோகிராமின் பெயரைச் சீனத்தில் வாங்கி ஒட்டித் தேடுங்கள். வீசாட் கணக்கை ஊரிலேயே தொடங்கிவிடுங்கள். புதுக் கணக்கைச் சரிபார்க்க, ஏற்கெனவே வீசாட் வைத்திருக்கும் ஒருவரின் உதவியை அது கேட்பதுண்டு. கிள்ளானில் அப்படி ஒருவர் கிடைப்பார்; பெய்ஜிங் விமான நிலையத்தில் யாரைத் தேடுவீர்கள்?

பெயர் விஷயத்தில் மலேசியத் தமிழர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கடப்பிதழில் பெயருக்கு நடுவே ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்), ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) என்று சாய்கோடு வரும். பல இணையப் படிவங்கள் அந்தக் கோட்டை ஏற்காது. அங்கே கோட்டை எடுத்துவிட்டு இடைவெளி விடுங்கள். மற்றபடி ஓர் எழுத்தைக்கூட விடாமல், சுருக்காமல், கடப்பிதழில் உள்ள வரிசையிலேயே அடியுங்கள். அரண்மனைச் சீட்டுக்கும் அதே எழுத்துக்கூட்டல். எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். சாவடியில் சீனர்கள் அடையாள அட்டையை இயந்திரத்தில் வைத்துக் கடந்துவிடுவார்கள். வெளிநாட்டவருக்குக் காவலர் கையால் பார்ப்பார். நகலும் கைபேசியில் எடுத்த படமும் செல்லாது. நால்வருக்கும் அசல் கடப்பிதழ் கையில் இருக்க வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று விடுதிப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் திரும்பிப் போகிறார்கள்.

அடுத்தது உங்கள் திங்கட்கிழமை. சதுக்கம் திறந்திருக்கும்; ஆனால் அரண்மனை, நினைவு மண்டபம், கிழக்குப் பக்கத்துத் தேசிய அருங்காட்சியகம் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. ஆகவே உங்கள் திட்டத்தில் பாதி தானாகவே விழுந்துவிடுகிறது. கொடியேற்றத்தையும் விடச் சொல்வேன். மலேசியாவும் பெய்ஜிங்கும் ஒரே கடிகாரம்தான், ஆனால் சூரியன் வேறு. கிள்ளானில் ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டி விடிகிறது; பெய்ஜிங்கில் டிசம்பர் கடைசியில் ஏழரைக்கு விடிவது, ஜூனில் 4.45க்கே விடிந்துவிடும். கொடி அந்த நிமிடத்தில்தான் ஏறும். மெட்ரோ ஓடாத நேரம். முன்வரிசை வேண்டுமானால் இரவு இரண்டு மூன்று மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும். கொடி உச்சிக்குப் போக ஆகும் நேரம் 2 நிமிடம் 7 விநாடி. அதற்காக முழங்கால் வலிக்காரரை அத்தனை நேரம் நிற்க வைப்பது நியாயமில்லை.

சூரியன் மறையும்போது கொடி இறங்கும். ஜூனில் அது சுமார் 7.45 மணி. காலையில் கொடியேற்றும் அதே மரியாதைப் படை வடக்கே உள்ள தியானன்மென் வாசலிலிருந்து நடை போட்டு வரும், வாசலுக்கும் சதுக்கத்துக்கும் நடுவே ஓடும் சாங்ஆன் சாலையில் வண்டிகள் நிற்கும். கூட்டம் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும். திங்கள் மாலை நேரத்துக்குப் பதிந்து, ஐந்து மணிக்குச் சாவடியில் இருங்கள். மெட்ரோவில் கியன்மென் நிலையத்தில் இறங்கித் தெற்கிலிருந்து நுழைவது நல்லது. வடக்கே உள்ள தியானன்மென் கிழக்கு, மேற்கு நிலையங்களில் சில நாள் ரயில் நிற்காமலே போகும். தீப்பெட்டி, லைட்டர், கத்தி, ஸ்ப்ரே எதுவும் பையில் வேண்டாம். சதுக்கத்தில் உட்காரப் பெஞ்சு இல்லை, மர நிழல் ஓரங்களில்தான். வடக்கு தெற்காக 880 மீட்டர், கிழக்கு மேற்காக 500 மீட்டர். அப்பாவுக்கு மடக்கு சக்கர நாற்காலி இருந்தால் கொண்டுபோங்கள்.

இனி நண்பரின் ‘சிமெண்ட் மைதானம்’. 1999க்கு முன் போயிருந்தால் அவர் சொன்னது சரி. அந்த ஆண்டுதான் கருங்கல் பாவினார்கள். பத்து நிமிடம் என்பதும், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாவிட்டால் சரிதான். மிங், சிங் அரசர்கள் காலத்தில் அங்கே சதுக்கமே கிடையாது. ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் மதில் சூழ்ந்த நீண்ட பாதை, இருபுறமும் அமைச்சகங்கள், சாதாரண ஜனங்களுக்கு அனுமதியில்லை. தென்முனையில் ஒரு வாசல். மிங் ஆண்டபோது மகா மிங் வாசல், சிங் வந்ததும் மகா சிங் வாசல், குடியரசானதும் சீன வாசல். பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டே வந்தவர்கள் 1950களில் வாசலையே இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் 1977இல் மாவோ மண்டபம் எழுந்தது. அரண்மனை தெற்கு பார்த்தது, மண்டபம் வடக்கு பார்த்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். இவை எல்லாம் வரிசையாக அமைந்த, பழைய நகரின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் 7.8 கிலோமீட்டர் நீள நடு அச்சு, 2024 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. முடிவெடுத்த கூட்டம் நடந்தது புதுதில்லியில்.

நின்று பார்க்க வேண்டிய பொருள் மக்கள் நாயகர் நினைவுத்தூண். 37.94 மீட்டர், 1958இல் திறந்தார்கள். பீடத்தின் மேல் ஏற விடமாட்டார்கள், கைபேசியின் ஜூமை நம்ப வேண்டியதுதான். கிழக்கு முகத்திலிருந்து பார்க்கத் தொடங்கி வலமாகச் சுற்றுங்கள், கதை அந்த வரிசையில்தான் ஓடுகிறது. முதல் பளிங்குச் சிற்பம், 1839இல் தென் சீனத்து ஹூமெனில் அபினை அழிக்கும் காட்சி. ஆட்கள் பெட்டிகளை உடைக்கிறார்கள். அந்த 20,000 சொச்சம் பெட்டி அபினில் பெரும்பகுதி இந்தியாவில் விளைந்தது. கடைசியாக வடக்கு முகத்தில், 1949இல் கம்யூனிஸ்ட் படை யாங்சி ஆற்றைக் கடப்பது.

1989க்குக் கல் இல்லை. ஜூன் 3 இரவும் 4 விடியற்காலையும் ராணுவம் சுட்டு ஒடுக்கிய மாணவர் போராட்டம் மையம் கொண்டது இந்தச் சதுக்கத்தில்தான். உயிர்கள் அதிகம் போனது இங்கே வரும் சாலைகளில், குறிப்பாக மேற்கே மூஷிடி பகுதியில். அதைப் பற்றி அங்கே யாரிடமும் கேட்காதீர்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், பதில் சொல்பவர் மாட்டிக்கொள்வார். ஜூன் முதல் வாரத்தில் சோதனை கூடும், ஆகவே இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள். பதாகை, வாசகம் அச்சிட்ட சட்டை வேண்டாம்.

மண்டபமும் அரண்மனையும் புதன்கிழமைக்குப் போகட்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. அரண்மனைச் சீட்டு ஏழு நாள் முன்பு இரவு 8 மணிக்குத் திறக்கும். ஜூனில் 60 யுவான். மண்டபம் காலையில் மட்டும். உள்ளே பை, கேமரா கூடாது, சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள காப்பகத்தில் வைக்கச் சொல்வார்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பையைத் தெற்கே வைத்துவிட்டு அரண்மனைக்குள் போவார்கள். அது ஒருவழி: தெற்கே ஊமென் வாசலில் நுழைந்தால் வெளியேற வடக்கே ஷென்ஊமென், கிழக்கே டொங்ஹுவாமென் வாசல்கள்தான்; பெரும்பாலோர் 961 மீட்டர் கடந்து வடக்கேதான் வெளியே வருவார்கள். பை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும், திரும்பி உள்ளே நடக்க விடமாட்டார்கள். முடிந்தால் அப்பா மண்டபத்தை விட்டுவிடுவது உத்தமம். அரண்மனைக்கு மட்டும் என்றால் சதுக்கத்தைத் தொடாமலே, கிழக்கே டொங்ஹுவாமென் பக்கம் இறங்கி அகழியோரமாக ஊமென் போகலாம். வடக்கே வெளியே வந்ததும் வாசலில் வந்து விலை பேசும் வண்டிகளில் ஏறாதீர்கள். மூன்று யுவான் என்று சொல்லி இறங்கும்போது முந்நூறு கேட்பது அங்கே பழைய வித்தை. நகரப் பேருந்து அருகிலேயே நிற்கும்.